விளக்கைக் கழற்றிய அறிஞர்

பிரியமுள்ள மச்சானுக்கு, அன்பும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஆற்றாமையும் உள்ள அத்தான் எழுதுவது.

நாங்கள் இங்கே நலம். நீ நலமா என்று கேட்கச் சொல்லி உன் அக்கா பக்கத்தில் நிற்கிறாள், கேட்டுவிட்டேன். வயிற்று வலி தேவலையா, அச்சகத்து முதலாளி இப்போதும் கத்துகிறாரா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, போன தடவை வந்தபோது கொடுத்தனுப்பிய போர்வையைப் போர்த்திக்கொள்கிறாயா அல்லது அதையும் யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிட்டாயா, எல்லாம் அவள் சொல்லச் சொல்ல எழுதியது. "மரியாதையா எழுதுங்க, அவன் மனசு நோகாம எழுதுங்க" என்று சொல்லிவிட்டு இப்போதுதான் அடுப்படிக்குப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் நான் என் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

மச்சான், போன வெயில் காலத்தில் நீ இங்கே வந்து தங்கியிருந்தாயே, நினைவிருக்கிறதா? எங்கள் வீட்டில் கழிவறைக்குப் போகிற நடையில் ஜன்னல் கிடையாது. பட்டப்பகலில்கூட விளக்கைப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. நீ சுவரைத் தடவிக்கொண்டு போனாய், தண்ணீர் வாளியில் முழங்காலை இடித்துக்கொண்டாய், அங்கேயே தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் முனகினாய், பிறகு எதையோ கண்டுபிடித்தவன் மாதிரி, "அத்தான், விளக்கு வெளியில எரிஞ்சா என்ன, எரியாட்டி என்ன, உள்ளே எரியணும்" என்றாய். "முதல்ல நீ உள்ளே போ, வழியில உட்கார்ந்துடாதே" என்று நான் சொன்னேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த முறை நீ வந்தபோது அந்த வாக்கியம் தங்கக் கரை போட்ட சட்டத்துக்குள், மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குகிற படத்தின் மேல், வளைவான எழுத்தில் அச்சாகி உன் பையில் இருந்தது. "விளக்கு என்பது வெளியே எரிவதல்ல, உள்ளே எரிவது." அதற்குக் கீழே, சின்னக் கோடு போட்டு, "ஓர் அறிஞர்". எந்த அறிஞர் என்று கேட்டதற்கு நீ என்ன சொன்னாய்? "பேர் போட்டா அந்த ஆளோட சொந்தக்காரங்க யாராவது சண்டைக்கு வருவாங்க அத்தான். அறிஞர்னு பொதுவா போட்டுட்டா யாரும் வரமாட்டாங்க" என்றாய். உன் அக்கா அதைக் கேட்டு, தம்பிக்கு எவ்வளவு புத்தி என்று ஒரு வாரம் பூரித்துக்கொண்டிருந்தாள்.

நான் வந்திருக்கிறேன், மச்சான். அந்த அறிஞரின் சொந்தக்காரன் சண்டைக்கு வந்திருக்கிறேன்.

நான் வேலை செய்கிற சட்டைக் கம்பெனியைப் பற்றி உனக்குத் தெரியும், உள்ளே வந்து பார்த்ததில்லை. நீளமான கூடம். ஒரு பக்கம் முழுக்கத் தையல் மிஷின்கள், கடைசியில் எங்கள் செக்கிங் மேசை. தைத்து முடித்த சட்டை எங்களிடம் வரும். காலர், தோள், கை, பட்டன் வரிசை, கீழ் மடிப்பு என்று கண்ணை ஓட்ட வேண்டும். தையல் விட்டிருந்தால், எண்ணெய்க் கறை பட்டிருந்தால், ஒரு துண்டின் நிறம் இன்னொரு துண்டோடு சேராமல் இருந்தால், அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். நாள் முழுக்க நின்றபடி பார்க்கிற வேலை. கழுத்து போகும், இடுப்பு போகும், சம்பளம் என்னவோ கண்ணுக்குத்தான். கண் போனால் சம்பளமும் போகும். இதை நீ மனசில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர் ஞானி. முன்பெல்லாம் அவர் மற்ற மேனேஜர்களைப் போல வெறுமனே திட்டிக்கொண்டிருந்தார், அதில் எங்களுக்கும் பழக்கம் இருந்தது. பிறகு ஏதோ பல் டாக்டரிடம் போன இடத்தில் காத்திருக்கும்போது சுவரில் உன் பொன்மொழி ஒன்றைப் படித்திருக்கிறார். பல்லைப் பிடுங்கிக்கொண்டு திரும்பியவர் வேறு ஆளாகத் திரும்பினார். "மனமும் அகக்கண்ணும்" என்று உங்கள் அச்சகம் ஒரு வரிசை போட்டிருக்கிறதே, அதை முழுசாக வரவழைத்துவிட்டார். முதலில் நுழைவாசலில் ஒன்று மாட்டினார்: "மனம் அமைதியானால் முதுகு வலிக்காது." இதை நீ எந்த நிலைமையில் எழுதினாய் என்று எனக்குத் தெரியும், நம் வீட்டுச் சோபாவில் மூன்று தலையணை வைத்துப் படுத்துக்கொண்டு எழுதினாய். அடுத்தது, "மனம் என்பது எப்போதும் திறந்திருக்கும் ஜன்னல்." இதைக் கூடத்தின் ஒரே ஜன்னல் இருந்த இடத்தில் மாட்டினார். இருந்த இடம் என்று ஏன் சொல்கிறேன் என்றால் அந்த ஜன்னலை மறைத்து அட்டைப்பெட்டிகளைக் கூரை வரைக்கும் அடுக்கி வைத்திருந்தார்கள். படத்தை அந்தப் பெட்டிகளின் மேல்தான் ஆணியடித்தார்கள். காற்று வேண்டும் என்று கேட்ட தையல்காரப் பெண்ணிடம் அந்தப் படத்தைக் காட்டி மூச்சை இழுத்துவிடச் சொன்னார். சாப்பிடுகிற இடத்தில், "பசி வயிற்றில் இல்லை, நினைப்பில் இருக்கிறது" என்று ஒன்று. அது வந்த வாரத்திலிருந்து சாப்பாட்டு நேரம் குறைந்துவிட்டது. இதெல்லாம் நீ விளையாட்டாக எழுதினாய் என்று எனக்குத் தெரியும் மச்சான், ஆனால் நீ ஒரு வரி எழுதினால் இங்கே ஒன்று குறைகிறது, அதுதான் எனக்குப் புரியவே நாளாயிற்று.

கடைசியில் வந்தது நம் வீட்டுக் கழிவறைப் பொன்மொழி.

ஒரு நாள் காலையில் எங்களை எல்லாம் நிற்க வைத்து அதைச் சத்தமாகப் படித்தார். படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நாங்களும் மூடிக்கொண்டோம், கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. திறந்தபோது எலக்ட்ரீஷியன் ஏணியோடு நின்றிருந்தார். ஒன்று விட்டு ஒன்றாக ட்யூப்லைட்டைக் கழற்றினார். எங்கள் மேசைக்கு மேலே இருந்தது கழற்றுகிற வரிசையில் வந்துவிட்டது. எலக்ட்ரீஷியன் நல்ல மனிதர், இறங்கும்போது என் காதருகில், "கரண்ட் செலவைக் குறைன்னு மேலிடத்துல சொல்லியிருக்காங்க, அதை நேரா சொல்லிட்டுப் போகலாம்ல" என்று அலுத்துக்கொண்டார். நேராகச் சொன்னால் நாங்கள் நேராகப் பதில் சொல்வோம் இல்லையா, அதனால்தான் அறிஞரைக் கூப்பிடுகிறார்கள். மேனேஜர் அறையில் மட்டும் எல்லா விளக்கும் எரிகிறது, மேசை விளக்கு ஒன்று தனியாக. அவருக்கு உள்ளே இன்னும் எரிய ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது.

இப்போது நான் சோடாபுட்டி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னோடு ஒரே மேசையில் எதிர்ப்பக்கம் நிற்கிறவர். கண்ணாடி தடிமன், அதனால் அந்தப் பெயர். வேறு யாரும் வைப்பதற்குள் தானே வைத்துக்கொண்டதாகச் சொல்வார். வேலையில் என்னைவிட மூத்தவர், வாயில் எல்லாரையும்விட மூத்தவர். அவர் வீட்டுக்காரர் கூடத்தின் அடுத்த கோடியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்து, நீராவி பட்டுக் கை வெந்துபோய், இப்போது வீட்டில் இருக்கிறார். இரண்டு பெண்கள் படிக்கிறார்கள். அந்த வீடு நிற்பது அக்காவின் கண்ணில். விளக்கைக் கழற்றிய அன்றைக்கு அவர் பொன்மொழியைப் பார்க்கக்கூட இல்லை. ஒரு சட்டையைத் தூக்கி மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, "இனிமே மோந்து பார்த்துத்தான் சொல்லணும்" என்றார்.

நடக்க வேண்டியது நடந்தது. கறுப்புச் சட்டை ஒரு லாட் வந்தது. அதற்கு முந்தின லாட் கருநீலம். வெட்டுகிற இடத்தில் எவனோ காலர்த் துண்டுகளை மாற்றி அனுப்பிவிட்டான். தைக்கிறவர்களுக்கும் தெரியவில்லை, அவர்கள் தலைக்கு மேலும் அரை விளக்குத்தான். எங்களிடம் வந்தது. நான் பார்த்தேன், அக்கா பார்த்தார், தையல் சுத்தமாக இருந்தது, கறை இல்லை, பட்டன் ஒழுங்கு, நிறம் கறுப்பு. எங்கள் மேசையில் அந்த வெளிச்சத்தில் கருநீலமும் கறுப்புத்தான், பச்சையும் கறுப்புத்தான், நானும் கறுப்புத்தான். பெட்டி கட்டி அனுப்பிவிட்டோம். வாங்குகிறவர்களின் கடையில் பளீரென்ற வெளிச்சத்தில் பெட்டியைப் பிரித்திருக்கிறார்கள். கறுப்புச் சட்டைக்குக் கருநீலக் காலர். மொத்த லாட்டும் திரும்பி வந்து, இறக்குகிற இடத்தில் மலை மாதிரி குவிந்து கிடந்தது. அங்கே வெயிலில் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது மச்சான், ஒவ்வொரு சட்டையும் வேறு யாரோ ஒருவரின் தலையை வாங்கி மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. அக்கா சிரிக்கவில்லை. பெட்டிச் சீட்டில் மூத்த செக்கர் என்று அவர் கையெழுத்துத்தான் இருந்தது.

ஞானி எங்களைக் கூப்பிட்டனுப்பினார். விளக்கு வேண்டும் என்று நான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டம். வெளிச்சம் அதிகமானால் மனம் சோம்பேறியாகிவிடும் என்றார். அந்த அறிஞர் கண் பார்வையில்லாமல் ஒரு குகையில் பல வருஷம் வாழ்ந்தவர் என்றும், அங்கே உட்கார்ந்தபடியே ஊரில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார் என்றும் விவரித்தார். இதெல்லாம் அந்தச் சட்டத்தின் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "சார், அது குகை இல்லை, எங்க வீட்டு நடை. அந்த அறிஞர் என் மச்சான். போன தடவை வந்தப்போ என் செருப்பைப் போட்டுக்கிட்டுப் போனவர், இன்னும் திருப்பித் தரலை" என்று சொல்லிவிட்டேன். மேனேஜர் என்னை எவ்வளவு பரிவாகப் பார்த்தார் தெரியுமா. எழுந்து வந்து என் தோளில் கை வைத்து, "எல்லாருக்கும் அவர் நம்ம வீட்டு ஆள் மாதிரிதான் தோணும். அதுதான்யா அவரோட பெருமை" என்றார். வெளியே வந்ததும் அக்கா கேட்டார், "உன் மச்சானுக்கு வேற வேலையே இல்லையா?" இதுதான் அவன் வேலையே என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

இதோடு விட்டார்களா. தப்பு விளக்கில் இல்லை, கண்ணில்தான் என்று நிரூபிக்கக் கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார்கள். இலவசம் என்று பெரிதாக எழுதி ஒட்டினார்கள். ஒரு சின்ன டாக்டர் வந்தார், பாவம், படித்து முடித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். பரிசோதனையை எங்கே வைத்தார்கள் என்கிறாய்? அதே கூடத்தில், அதே அரை விளக்கில், அட்டைப்பெட்டிச் சுவரில் எழுத்துப் பலகையை மாட்டி வைத்தார்கள். பக்கத்தில் உன்னுடைய திறந்த ஜன்னல். சோடாபுட்டி அக்காவின் முறை வந்தது. டாக்டர், மேலே இருக்கிற பெரிய எழுத்தைப் படியுங்கள் என்றார். அக்கா, "எந்தச் சுவத்துல?" என்று கேட்டார். வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்துவிட்டோம், டாக்டரும்கூட. சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். எழுதியது என்ன என்று மறுநாள்தான் தெரிந்தது: பார்வை போதாது. எங்களில் பாதிப் பேருக்கு அதே முடிவு. எனக்கு மட்டும் பார்வை நன்றாக இருப்பதாக வந்திருக்கிறது. உனக்குச் சொன்னால் என்ன, எனக்கு முன்னால் நின்றவர்கள் சொன்னதைக் கேட்டு அப்படியே ஒப்பித்தேன். அவர்களும் தோராயமாகத்தான் சொன்னார்கள் போலிருக்கிறது, ஆனால் டாக்டருக்கும் அங்கிருந்து பலகை தெரியவில்லையே.

அக்காவுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு தருவதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை மறுபடியும் ஒரு கறுப்பு லாட் வருகிறது, கருநீலமும் கூடவே. அதில் ஒரு பீஸ் தவறிப் போனாலும் அவர் வேலைக்கு வர வேண்டாம். அவர் சம்பளத்தில் நடக்கிற வீட்டுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் அதற்கும் ஒரு சட்டம் மாட்டியிருக்கிறதோ என்னவோ, நான் கேட்கவில்லை.

அப்போதுதான் உனக்கு போன் போட்டேன். நீ ஒரே ஒரு பொன்மொழி, விளக்குக்குச் சாதகமாக, எழுதிக் கொடுத்தால் போதும், அந்த ஆள் சட்டம் போட்ட எதற்கும் கட்டுப்படுகிறான் என்று கெஞ்சினேன். நீ என்ன சொன்னாய்? "ட்யூப்லைட் எல்லாம் இலக்கியத்துல வராது அத்தான். அகல்னா எழுதலாம். சுடர்னா எழுதலாம்." அகலை வைத்துக் கருநீலம் பார்க்க முடியாது மச்சான். நீ இன்னும், கலைஞனுடைய மனசைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் சொன்னாய். அன்றைக்கு உன் அக்கா பக்கத்தில் இருந்ததால் நான் போனை வைத்துவிட்டேன்.

சரி, நாமே எழுதிப் பார்க்கலாம் என்று இறங்கினோம். அட்டைப்பெட்டியின் மூடியை வெட்டி, துணியில் கோடு போடுகிற சாக்பீஸால் நான் எழுதினேன்: "பிழையைக் காண விளக்கு வேண்டும்." கீழே மறக்காமல் கோடு இழுத்து ஓர் அறிஞர் என்று போட்டேன். மேசைக்கு மேலே, ட்யூப்லைட் இருந்த வெறும் பட்டையிலேயே தொங்கவிட்டோம். ஞானி வந்தார். நின்றார். படித்தார். ரொம்ப நேரம் படித்தார், வெளிச்சம் போதாதோ என்னவோ. கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற சூப்பர்வைசரிடம் விளக்க ஆரம்பித்தார். இங்கே பிழை என்றால் சட்டையில் இருக்கிற பிழை இல்லையாம், நமக்குள் இருக்கிற பிழையாம். விளக்கு என்றால் விளக்கு இல்லையாம், விழிப்பாம். தொழிலாளிகளே இப்படிச் சிந்திக்க ஆரம்பித்துவிட்டார்கள், இதற்கு மேல் இந்தக் கம்பெனிக்கு என்ன வேண்டும் என்று எங்களுக்குக் கை தட்டினார். சூப்பர்வைசரும் தட்டினார். அக்கா மட்டும் நிதானமாக, "சார், விளக்குன்னா விளக்கு. ஸ்விட்ச் போட்டா எரியும்ல, அது" என்றார். மேனேஜர், "ஆஹா" என்றார். அதையும் எழுதிக்கொண்டு போனார்.

ஆகவே மச்சான், இப்போது உன்னைக் கேட்பது இதுதான். மறுக்காதே. தப்பித்துக்கொள்ள ஒரு இடுக்குகூட இல்லாத ஒரு பொன்மொழி வேண்டும். ஆழமே இருக்கக் கூடாது. மேலோட்டமாக, தரைமட்டமாக, கணுக்கால் நனையாத மாதிரி எழுத வேண்டும். உனக்கு உதவியாக நானே ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன்: "செக்கிங் மேசைக்கு நேர் மேலே நாலடி நீள ட்யூப்லைட்டை, எலக்ட்ரீஷியனைக் கொண்டு, இன்றைக்கே மாட்டி, ஸ்விட்சையும் போடுகிறவனே அகக்கண் திறந்தவன்." கீழே ஓர் அறிஞர். தங்கக் கரை கட்டாயம் வேண்டும். படத்துக்குச் சூரியன் வேண்டாம், ட்யூப்லைட் படமே போடு, எரிகிற மாதிரி. முடிந்தால் அதில் அம்புக்குறி ஒன்று போட்டு மேசையைக் காட்டு. வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும். உன் மனசு கலைஞன் மனசு, கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் அந்த மனசு இந்த வீட்டுச் சாப்பாட்டில்தான் பாதி வளர்ந்தது என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். நான் களைத்துப் போயிருக்கிறேன் மச்சான். கோபம்கூடச் சாயங்காலம் வரை தாங்குவதில்லை. வீட்டுக்கு வந்து கண்ணை மூடினால் உள்ளே எந்த விளக்கும் எரியவில்லை, வரிசையாகக் கறுப்புக் காலர்தான் போகிறது.

உன் அக்கா வந்துவிட்டாள். உனக்கு அவள் ஆசீர்வாதத்தைத் தெரிவிக்கச் சொல்கிறாள். நன்றாக இரு, சீக்கிரம் ஒரு கல்யாணத்தைப் பண்ணிக்கொள், பொண்ணு வீட்டார் என்ன வேலை என்று கேட்டால் அச்சகத்தில் என்று மட்டும் சொல், அறிஞர் என்று சொல்லாதே. என் செருப்பைக் கொண்டு வா.

என்றும் உன் நலம் நாடும்,
பார்வை நன்றாக இருப்பதாக டாக்டர் எழுதிக் கொடுத்த,
உன் அத்தான்.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை வரைக்கும் தபாலில் போட மறந்துவிட்டேன். அது நல்லதாகப் போயிற்று. மேலே கேட்டது எதுவும் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை காலையில் கறுப்பும் கருநீலமும் மேசைக்கு வந்தன. சோடாபுட்டி அக்கா ஒரு சட்டையை எடுத்தார், பார்த்தார், வைத்தார். என்னிடம், "அந்தப் பக்கம் பிடி" என்றார். எதை என்றேன். "மேசையை." ஏன் எதற்கு என்று கேட்பதற்குள் அவர் தன் பக்கத்தைத் தூக்கிவிட்டார், சட்டையெல்லாம் என் பக்கம் சரிந்து வந்தது, பிடிக்காமல் என்ன செய்வது. பக்கத்து மேசைக்காரர்கள் இரண்டு பேர் நடுவில் கை கொடுத்தார்கள். அப்படியே கூடத்தைத் தாண்டி, வாசல் பொன்மொழியில் ஒரு மூலையை இடித்துக் கீழே தள்ளி, லாரி வந்து நிற்கிற இடத்தில், நல்ல வெயிலில் கொண்டு போய்ப் போட்டோம். அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார், ஒரு சட்டையை எடுத்தார், காலரில் சிவப்பு அம்பை ஒட்டினார். அடுத்ததை எடுத்தார். வெட்டுகிறவன் இந்த முறையும் கலந்துதான் அனுப்பியிருந்தான். லாரி வந்து ஹாரன் அடித்தது, நாங்கள் நகரவில்லை. பின்னால் இன்னொரு லாரி. ஞானி மூச்சு வாங்க ஓடி வந்தார். கத்தினார், மிரட்டினார், மேசை கம்பெனிச் சொத்து என்றார், கடைசியில் அவருக்குத் தெரிந்த ஒரே வழியாக, வெளிச்சம் உள்ளே இருக்கிறது என்று ஆரம்பித்தார். அக்கா தலையைத் தூக்காமல், "உள்ளே இருந்தா உள்ளே வர்றோம் சார். போட்டுட்டு வந்து சொல்லுங்க" என்றார்.

மத்தியானத்துக்குள் எங்கள் மேசைக்கு மேலே ட்யூப்லைட் வந்துவிட்டது. அக்கா திங்கட்கிழமையும் வேலைக்கு வந்தார். எந்தப் பொன்மொழியும் தேவைப்படவில்லை.

ஆனால் ஞானி அன்றைக்கே ஒரு புதுப் பொன்மொழிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார் என்று கேள்வி: "வெளிச்சம் தேடுகிறவன் தன் மேசையைத் தானே சுமக்கிறான்." உங்கள் அச்சகத்துக்குத்தான் வரும். வந்தால் அடித்துக் கொடு, பிழைப்பு. ஓர் அறிஞர் என்று மட்டும் போடாதே. சோடாபுட்டி என்று போடு, யாராவது சொந்தக்காரர்கள் சண்டைக்கு வரட்டும்.

இன்னொன்று. எங்கள் மேசைக்கு மட்டும்தான் போட்டிருக்கிறார்கள். தையல் பக்கம் இன்னும் அரை விளக்குத்தான். நேற்று ஒரு பெண் ஊசியில் விரலைக் கொடுத்துவிட்டாள். சாப்பிடும்போது தையல்காரர்கள் அக்காவைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, நீங்க மேசையைத் தூக்கிட்டீங்க, எங்க மிஷினை என்ன பண்ண, தரையோட போல்ட் போட்டு முறுக்கியிருக்கே என்றார்கள். அக்கா சாப்பிட்டு முடித்து, கை கழுவி வந்து, "ஸ்பானர் யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டார். எலக்ட்ரீஷியன் கையைத் தூக்கியிருக்கிறார்.

அதனால் இந்த வாரம் போன் பண்ணாதே, வேலை இருக்கிறது.